விமானத்தளத்தில் ஒரு குசினி

1

மொன்றியலில் கூட்டமாகச் சேர்ந்து ஒரு மரத்தடியில் இருந்து சோறு சாப்பிடுவதென்றால் அனுமதிப் பத்திரம் வேண்டும். ஊரில் இருந்து இதை வாசிக்கிற உங்களுக்குப் பகிடியாக இருக்கலாம். அனுமதி மரத்துக்கு இல்லை, மேசைக்குத்தான் என்று இங்குள்ள அதிகாரிகள் பொறுமையாக விளக்குவார்கள். மரம் இலவசம்.

2003ஆம் ஆண்டு கோடையில் அந்த அனுமதியை எடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. எங்கள் ஊர்ச்சங்கத்தின் செயலாளர் நான். எனக்குப் பிரெஞ்சு தெரியும் என்ற வதந்தியை நம்பித்தான் என்னைத் தெரிவு செய்திருந்தார்கள். நான் ஒரு பாண் தொழிற்சாலையில், கோதுமை மாவுக்கும் அடுப்புக்கும் நடுவில் வேலை செய்கிறேன். சூடு, ஆறட்டும், பெட்டியைத் தூக்கு, கையை எடு, நாளைக்கு லீவு இல்லை. இவ்வளவையும் சுத்தமான கியூபெக் உச்சரிப்பில் என்னால் சொல்ல முடியும். பாணுக்கு வெளியே ஒரு உலகம் இருப்பது என்னுடைய பிரெஞ்சுக்குத் தெரியாது.

நான் அசைந்து தொலைபேசியைத் தூக்குவதற்குள் நகரத்துப் பூங்காக்கள் எல்லாம் முடிந்துவிட்டன. எங்களுக்கு முன்னால் வந்து குடியேறியவர்கள், எங்களுக்கு முன்னால் மேசைகளையும் பிடித்துவிட்டார்கள். அப்போதுதான் மகள் சொன்னாள், தான் வேலை செய்யும் பூங்காவில் இடம் இருக்கிறதென்று.

அபிராமிக்கு அப்போது பதினேழு வயது. ஆற்றுக்குத் தெற்கே, புரோசார்ட்டைத் தாண்டி ஒரு மணித்தியாலம் காரில் போனால் வருகிற நாட்டுப்புறப் பூங்கா ஒன்றில் கோடைகால வழிகாட்டி வேலை அவளுக்குக் கிடைத்திருந்தது. வேலை கிடைத்த அன்று, சாப்பாட்டு மேசையில் அந்தப் பூங்காவைப் பற்றி நீளமாகச் சொன்னாள். பாதி பிரெஞ்சு. மிச்சத்தில் பாதி ஆங்கிலம். நானும் மனைவியும் தலையாட்டினோம். பிள்ளைகள் வளர்ந்துவிட்ட வீடுகளில் இங்கே பெற்றோரின் முக்கியமான வேலை தலையாட்டுவதுதான். எதற்கு ஆட்டினோம் என்பது பேந்து ஒருநாள் தெரியவரும்.

பூங்கா அலுவலகத்துக்கு நானே தொலைபேசி எடுத்தேன். மகள் கதைத்துத் தருகிறேன் என்றாள். செயலாளர் பதவிக்கு ஒரு மரியாதை இருக்கிறதல்லவா, நான் விடவில்லை.

"எத்தனை பேர், மெஸ்யூ?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"சான் பெர்சோன்," என்றேன். நூறு பேர்.

மறுமுனையில் கடதாசி புரட்டுகிற சத்தம். பிறகு, "ஒருவருமே இல்லையா?" என்றாள்.

"வுய், வுய். சான் பெர்சோன்!"

"ஒருவரும் வராத விருந்துக்கு உங்களுக்கு எதற்கு மெஸ்யூ கொட்டகை?"

பிரெஞ்சில் நூறு பேர் என்பதற்கும் ஒருவரும் இல்லாமல் என்பதற்கும் ஒலி ஒன்றுதான். எழுதினால் வித்தியாசம் தெரியும். தொலைபேசியில் தெரியாது. மகள் சிரித்துச் சிரித்து ரிசீவரைப் பிடுங்கிச் சரிசெய்தாள். ஆனால் யோசித்துப் பார்த்தால் அந்தப் பெண் பிழையாக ஒன்றும் விளங்கிக்கொள்ளவில்லை. எங்கள் ஊரைப் பற்றி அவ்வளவு சுருக்கமாக வேறு யாரும் சொன்னதில்லை. மொன்றியலில் நூறு பேர். ஊரில் ஒருவரும் இல்லை.

2

எங்கள் ஊர் வடக்கே கடலுக்குக் கிட்ட, ஒரு விமானத்தளத்தை ஒட்டி இருக்கிறது. இருக்கிறது என்று எழுதுவதா, இருந்தது என்று எழுதுவதா என்பதில் சங்கத்துக்குள் இரண்டு கட்சிகள் உண்டு. அழைப்பிதழில் வினைச்சொல்லே வராமல் எழுதுவது செயலாளரின் திறமை.

அந்தத் தளத்தை உலகப்போர்க் காலத்தில் வெள்ளைக்காரன் போட்டதாக அப்பா சொல்லுவார். அவன் போனபிறகு அது கொஞ்சக்காலம் சாதுவாகக் கிடந்தது. எங்களுடைய சண்டை தொடங்கியதும் வளரத் தொடங்கியது. முதலில் வயல், பிறகு தோட்டம், பிறகு பள்ளிக்கூடம், பிறகு நாங்கள். எழும்பிப் போங்கள், இரண்டு நாளில் திரும்பி வரலாம் என்றார்கள். அப்பா அதை நம்பி வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் கட்டிவிட்டுத்தான் புறப்பட்டார். அம்மா அதைவிட அவதானமானவர். வாசற்கதவைத் திறந்தபடி விட்டுவிட்டுக் குசினியை மட்டும் பூட்டினார். பூனை உள்ளே போய்த் தயிரைக் குடித்துவிடுமாம். இராணுவத்தைப் பற்றி அம்மாவுக்குப் பெரிய கவலை இருக்கவில்லை.

அந்தக் கோடையில் சண்டை ஓய்ந்திருந்தது. சமாதானம் பேசினார்கள். வீதியைத் திறந்தார்கள். இங்கிருந்து சனங்கள் குடும்பத்தோடு யாழ்ப்பாணம் போய், ஐஸ்கிரீம் குடித்து, படமெடுத்துக்கொண்டு வந்தார்கள். எங்கள் ஊர்க்காரர் மட்டும் முட்கம்பி வரை போய்த் திரும்பினார்கள். அந்த இடத்தில் படமெடுக்கக் கூடாது என்று பலகை இருந்ததாம்.

இப்படிப்பட்ட ஊருக்குச் சங்கம் இல்லாமல் எப்படி? தலைவர் நடராசா அண்ணை ஊரில் கிராமச்சபையில் எழுதுவினைஞராக இருந்தவர். இங்கே வில்லரேயில் மரக்கறிக் கடை வைத்திருக்கிறார். சங்கத்தின் யாப்பை, அதாவது விதிக்கோவையை, அவரே எழுதினார். பிரிவு, உபபிரிவு, விலக்கு, விலக்குக்கு விலக்கு என்று ஒரு ஊரை நடத்தத் தேவையான எல்லாம் அதில் இருக்கிறது. ஊர் மட்டும் இல்லை. கத்தரிக்காய் நிறுக்கும்போதும் யாப்பைப் பற்றித்தான் கதைப்பார்.

3

ஒன்றுகூடலன்று காலையில் வான்களும் கார்களும் வரிசையாகப் பூங்காவுக்குள் நுழைந்தன. நல்ல வெயில். கூழ்ப்பானை, காஸ் அடுப்பு, சாக்கு, கயிறு, முட்டி உடைப்பதற்கு மண்முட்டி, ரோல்ஸ் அடுக்கிய தட்டுகள் எல்லாம் இறங்கின. வடிவான இடம். பச்சைப் புல்வெளிக்கு நடுவில் வழக்கத்துக்கு மாறான அகலத்தில் ஒரு நேர் வீதி. சைக்கிளிலும் சில்லுச் சப்பாத்திலும் ஆட்கள் போய்வந்துகொண்டிருந்தார்கள். தூரத்தில் கண்ணாடி வைத்த ஒரு சிறிய கோபுரம். அதன் அடியில் ஐஸ்கிரீம் விற்றார்கள்.

"அந்தக் கோபுரம் என்னத்துக்கு?" என்று யாரோ கேட்டார்கள்.

வாகனத் தரிப்பிடத்துப் பலகையில் பதில் இருந்தது. கறுப்புவெள்ளைப் படம். முக்கோணமாக மூன்று ஓடுபாதைகள், வரிசையாக நிற்கும் விமானங்கள், தொப்பி போட்ட பொடியன்கள். உலகப்போரில் விமானிகளைப் பழக்குவதற்காகக் கட்டிய தளமாம். சண்டை முடிந்த பிறகு சும்மா கிடந்து, பற்றைபிடித்து, கடைசியில் பூங்காவாக மாறியதாம். சைக்கிள் ஓடுகிற வீதி ஓடுபாதை. பூக்கள் நிறைந்த இடம் இன்னொரு ஓடுபாதை. குளிர்காலத்தில் பனிச்சறுக்குச் சாமான் வாடகைக்குக் கொடுக்கும் மண்டபம், விமானம் நிறுத்திய கொட்டகை.

மகள் சாப்பாட்டு மேசையில் சொன்னதில் நான் எதற்குத் தலையாட்டினேன் என்பது அந்த இடத்தில் விளங்கியது.

சனம் பலகையைச் சுற்றிக் கூடிவிட்டது. விமானத்தளத்தால் துரத்தப்பட்ட நூறு பேரை, ஒரு மணித்தியாலம் கார் ஓட வைத்து, இன்னொரு விமானத்தளத்தில் கொண்டுவந்து இறக்கியிருக்கிறேன்.

"செயலாளர் இதை வேணுமெண்டு செய்தவரோ?" என்றது ஒரு குரல்.

"மானம் ரோசம் உள்ளவன் இதிலை இருந்து சாப்பிடமாட்டான்," என்றது இன்னொன்று. அந்தக் குரலின் கையில் ஏற்கெனவே பாதி ரோல்ஸ் இருந்தது.

தலைவர் நடராசா அண்ணை ஒரு மர வாங்கில் ஏறி நின்றார். "கொஞ்சம் அமைதியா இருங்கோ. இது எங்கடை எயார்போட் இல்லை. கனடாவின்ரை எயார்போட். நேச நாடு. அதோடை இப்ப இது எயார்போட்டும் இல்லை. யாப்பிலை ஒன்றுகூடல் எங்கை வைக்கக்கூடாது எண்டு ஒரு இடமும் போடேல்லை."

"அப்ப என்ன செய்யிறது, அண்ணை?"

"கோழிக்கறி ஆறுது," என்றார் தலைவரின் மனைவி.

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

4

எங்களுக்குப் பதிந்து தந்த கொட்டகை ஓடுபாதையின் ஓரத்தில், ஒரு கிழட்டு மேப்பிள் மரத்துக்குக் கீழே இருந்தது. கடைசி மேசையில் ஒரு வெள்ளைக்காரக் கிழவி இருந்தார். எழுபத்தைந்துக்குக் குறையாது. முன்கவசம் கட்டியிருந்தார். மடியில் ஒரு சருவச்சட்டி. பச்சைப் பட்டாணியை உரித்து உரித்து அதற்குள் போட்டுக்கொண்டிருந்தார். நூறு பேர் பானை சட்டியோடு வந்து நின்றபோதும் தலை நிமிரவில்லை.

"தம்பி, உவவை எழுப்பும்," என்றார் தலைவர்.

நான் முன்னால் போய்ப் பணிவாக, "பொன்ஜூர், மதாம். இன்று இது எங்கள் இடம்," என்றேன். அப்படிச் சொன்னதாக நினைக்கிறேன்.

கிழவி என்னை ஒருமுறை பார்த்தார். "நான் என்னுடைய குசீனில் இருக்கிறேன்," என்றார், பிரெஞ்சில்.

பின்னால் நின்ற என் மனைவி, பிரெஞ்சு வகுப்பு ஒன்றையும் முடிக்காதவள், பட்டென்று சொன்னாள். "தன்ரை குசினியிலை இருக்கிறாவாம்!"

பிரெஞ்சிலும் சமையலறைக்குக் கிட்டத்தட்ட அதே சொல்தான். இந்த நாட்டுக்கு வந்து இத்தனை காலத்தில் எங்கள் சனங்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் விளங்கிய முதலாவது பிரெஞ்சு வசனம் அது. பெண்கள் குசினி எங்கே என்று சுற்றிப் பார்த்தார்கள். புல், மேசை, குப்பைத்தொட்டி.

"விசராக்கும்," என்றார் தலைவர். "மகளைக் கூப்பிடும்."

அபி பூங்காவின் பச்சை டீசேட்டோடு வந்தாள். வேலை நேரத்தில் எங்களைக் கண்டால் அவளுடைய நடை கொஞ்சம் மாறும். ஆனால் கிழவியைக் கண்டதும் முகம் மலர்ந்து, குனிந்து, இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள். மதாம் தெரேஸ் என்று பெயர். கோடையில் ஒவ்வொரு ஞாயிறும் வருவாராம். கொட்டகையை வேறு யாராவது பதிந்திருந்தால் அவர்கள் இந்த ஒரு மேசையை விட்டுவிட்டு மற்ற மேசைகளில் இருந்து சாப்பிட்டுப் போவார்களாம்.

"ஏன் அப்படி?" என்றேன்.

"அப்பா, இது அவவின்ரை வீடு இருந்த இடம். நான் உங்களுக்கு அண்டைக்கே சொன்னனான்."

தலையாட்டியிருப்பேன்.

"அது அவவின்ரை பாடு," என்றார் தலைவர். "பெர்மிட்டிலை கொட்டகை முழுக்க எங்களுக்கு எண்டு இருக்கு. ஒரு மேசையை விட்டால் சங்கீதக் கதிரைக்கு இடம் காணாது."

அபி என்னைத் தனியே இழுத்தாள். "அப்பா, பிளீஸ். கம்ப்ளெய்ன் பண்ணினால் நான்தான் அவவை வெளியிலை கூட்டிக்கொண்டு போக வேணும். என்ரை வேலை அது. எனக்கு ஏலாது."

அவள் என்னிடம் எதையாவது கெஞ்சிக் கேட்டுப் பல காலம் ஆகியிருந்தது. அவளுக்குத் தேவையானவற்றை அவளுக்குத் தெரிந்த மொழியில் வேறு யாரிடமோ கேட்டுப் பெற்றுக்கொண்டிருந்தாள். ஆனால் அதற்குள் தலைவர் ஆங்கிலத்தில் உரத்துக் கதைத்து, வாக்கிடாக்கி வைத்திருந்த ஒரு இளம் பொறுப்பாளனை அழைத்துவந்துவிட்டார். மிகவும் மரியாதையான பொடியன். அனுமதிப் பத்திரத்தை வாங்கி, முன்பக்கமும் பின்பக்கமும் வாசித்து, கீழே இருந்த என் கையெழுத்தைக் கண்டுபிடித்தான்.

"மெஸ்யூ, பத்திரம் உங்கள் பெயரில் இருக்கிறது. கொட்டகை இன்று முழுமையாக உங்களுடையது. உங்கள் குழுவைச் சேராதவர் இருந்தால் போகச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. போகச் சொல்லவா?"

யாழ்ப்பாணத்தில் பிறந்தவன் நான். ஒரு நில விவகாரத்தில் அரசாங்க ஆள் ஒருவன் என் பக்கம் நின்று, நீங்கள் சொல்லுங்கள் நான் செய்கிறேன் என்று கேட்டது என் வாழ்க்கையில் அதுதான் முதல்தடவை. உண்மையைச் சொன்னால், அது ஒரு நல்ல உணர்ச்சி. இரண்டு மூன்று விநாடி நான் அதை அனுபவித்தேன்.

5

அப்போது மதாம் தெரேஸ் பட்டாணிச் சட்டியை மேசையில் வைத்துவிட்டுக் கதைக்கத் தொடங்கினார். பொறுப்பாளனுக்கு அல்ல, எங்களுக்கும் அல்ல, பொதுவாக. அபி அதைத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள். அவளுடைய தமிழ் எட்டு வயதில் நின்றுபோன தமிழ். அவள் ஒரே மூச்சில் அவ்வளவு தமிழ் கதைத்ததை நான் கேட்டதே இல்லை.

"அவ சின்னப் பிள்ளையா இருக்கேக்கை... அவவும் அம்மாவும் குசினியிலை பட்டாணி உரிச்சவை. அப்ப ஒரு ஆள் வந்தது. தொப்பி போட்ட ஆள். ஆமி இல்லை, ஆனா ஆமியின்ரை ஆள். அவர் சொன்னார், இஞ்சை பிளேன் வரப்போகுது. நீங்கள் போகோணும். காணி எல்லாம் தாங்கோ. அம்மா கேட்டவ, எவ்வளவு நாளைக்கு எண்டு. அவர் சொன்னார்..."

அபி சொல்லைத் தேடினாள். தேடி முடிப்பதற்குள் கூழ்ப்பானைப் பக்கமிருந்து நாலைந்து பெண்கள் ஒன்றாக முடித்துவிட்டார்கள்.

"சண்டை முடியத் திருப்பித் தாறம் எண்டு!"

மதாம் தெரேஸ் திடுக்கிட்டு அவர்களைப் பார்த்தார். இவர்களுக்கு எப்படித் தெரியும் என்று அபியிடம் கேட்டார். அபி என்ன சொன்னாளோ தெரியாது. கொஞ்சம் நீளமாகச் சொன்னாள். கிழவி கேட்டுக்கொண்டே மேசையில் சிந்தியிருந்த பட்டாணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சட்டிக்குள் போட்டார்.

"எல்லாம் சரி," என்றார் தலைவர் மெதுவாக. அவர் கல்நெஞ்சுக்காரர் இல்லை. ஆனால் யாப்பு எழுதியவர். "கேக்கப் பாவமாத்தான் இருக்கு. ஆனா எங்களுக்கு ஆர் இரங்கினவை? எங்களுக்கு ஒருக்கால்தன்னும் ஒரு பெர்மிட் கையிலை இருந்ததோ? இண்டைக்கு இருக்கு. இண்டைக்கும் நாங்கள்தான் விட்டுக்குடுக்க வேணுமோ?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அதுதான் சங்கடம். பொறுப்பாளன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அபி என்னைப் பார்க்காமல் ஓடுபாதையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் வாயைத் திறந்தேன். இவர் எங்கள் விருந்தாளி என்று பிரெஞ்சில் சொல்ல நினைத்தேன். விருந்தாளிக்கு 'அன்வித்தே' என்று சொல்ல வேண்டும். என் வாயில் வந்தது 'அன்வான்தே'. கற்பனை செய்யப்பட்டவர்.

"இந்த மதாம் எங்களுடைய கற்பனை," என்றேன் உறுதியாக.

பொறுப்பாளன் கற்பனையை நன்றாக உற்றுப் பார்த்தான். மதாம் தெரேஸ் வாய்விட்டுச் சிரித்தார். அபியும் சிரித்துவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு திருத்திச் சொன்னாள்.

"அப்படியானால் இவர் உங்கள் குழுவைச் சேர்ந்தவரா?" என்றான் பொறுப்பாளன். "உறுப்பினரா?"

உறுப்பினர் என்ற சொல்லை அபி மொழிபெயர்க்கத் தேவை இருக்கவில்லை. தலைவர் நிமிர்ந்துவிட்டார். "மெம்பரோ? அது எப்படி? யாப்பு இருக்கு."

"யாப்பிலை என்ன இருக்கு, அண்ணை?" என்று கேட்டாள் என் மனைவி. அவள் கரண்டியோடு முன்னுக்கு வந்திருந்தாள்.

தலைவருக்கு யாப்பு மனப்பாடம். கேட்டால் சொல்லாமல் இருக்கமாட்டார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சொன்னார். "விமானத்தளத்துக்குக் காணியைப் பறிகொடுத்து, இப்போது மொன்றியல் நகரிலோ அதன் சுற்றுப்புறத்திலோ வசிக்கும் எவரும் உறுப்பினராகத் தகுதி உடையவர்."

"எந்த விமானத்தளம் எண்டு போட்டிருக்கோ?"

தலைவர் அந்தப் பிரிவை மனதுக்குள் முதலில் இருந்து வாசித்தார். எந்த விமானத்தளம் என்று போடவில்லை. உலகத்தில் ஒரே ஒரு விமானத்தளம்தான் மனிதரின் காணியைத் தின்றது என்று நினைத்து எழுதியிருந்தார். நாங்கள் எல்லோருமே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

"அண்ணை, உவ எங்கை இருக்கிறா எண்டு கேப்பமோ?" என்றேன்.

அபி கேட்டாள். புரோசார்ட்டில் ஒரு அடுக்குமாடியில் இருப்பதாகக் கிழவி சொன்னார். சுற்றுப்புறம்.

நடராசா அண்ணை கொஞ்சநேரம் மேப்பிள் மரத்தை அண்ணாந்து பார்த்தார். யாப்பை மீறுவதா, கிழவியைச் சேர்ப்பதா என்று அவருக்குள் நடந்த போராட்டத்தில் யாப்பு வென்றது. "முன்மொழியிறது ஆர்?" என்றார்.

என் மனைவி கரண்டியை உயர்த்தினாள். வழிமொழிய எல்லாப் பெண்களும் கை தூக்கினார்கள். சந்தாவுக்கு என்ன செய்வது என்ற கேள்வி எழும்பியது. மதாம் தெரேஸ் விஷயத்தை அபியிடம் கேட்டறிந்து, சட்டியைத் தூக்கி நீட்டினார். பட்டாணி கூழுக்குள் போனது. கூழுக்குள் பட்டாணி போடுவது யாப்பில் இல்லாவிட்டாலும் பெரிய பாவம் என்று வயதானவர்கள் முணுமுணுத்தார்கள்.

அபி பத்திரத்தைத் திருத்தச் சொல்லிப் பொறுப்பாளனிடம் கேட்டாள். நூறு பேர் என்ற இடத்தில் நூற்றொன்று என்று திருத்தி எழுதினான். இந்த முறை தொலைபேசியில் இல்லாதபடியால் பிழை வரவில்லை.

6

மதாம் தெரேஸ் நன்றி உள்ள உறுப்பினராக இருக்கவில்லை. காஸ் அடுப்பை வைத்திருப்பது தன் தாயின் படுக்கையறையில் என்று சொல்லி அதைத் தூக்கி மற்றப் பக்கம் வைக்கச் செய்தார். குசினிக்குள் பொடியன்கள் சப்பாத்தோடு ஓடுவதாகச் சத்தம் போட்டார். சாக்கோட்டத்தில் யார் முந்தியது என்பதில் நடுவரோடு சண்டை பிடித்தார். ரோல்ஸில் ஒரு கடி கடித்து, காரம் ஏறியதும் கோயில் பீடத்தில் இருக்கும் பெட்டி, கிண்ணம் எல்லாவற்றின் பெயரையும் வரிசையாகச் சொன்னார். இந்த மாகாணத்தில் கோபம் வந்தாலும் காரம் பட்டாலும் தேவாலயச் சாமான்களைச் சொல்லித்தான் திட்டுவார்கள். பக்தியான மூதாட்டி என்று எங்கள் ஆட்கள் மகிழ்ந்தார்கள். பிறகு இன்னொரு ரோல்ஸ் கேட்டு வாங்கினார்.

தலைவர் அவருக்குப் பக்கத்தில் போய் இருந்து அபியைக் கூப்பிட்டார். "சண்டை முடிஞ்ச பிறகு என்ன நடந்தது எண்டு கேள், பிள்ளை. குடுத்தவங்களோ?"

அபி கேட்டாள். மதாம் தெரேஸ் வாகனத் தரிப்பிடத்துப் பக்கம் தாடையைக் காட்டினார்.

"பலகை வச்சவையாம். அதிலை அவவின்ரை குடும்பத்தின்ரை பேர் இருக்காம். ஆனா எழுத்துப் பிழையாம்."

நடராசா அண்ணை எழும்பிப் போய்க் கயிறு இழுத்தலுக்கு ஆட்களைப் பிரித்தார்.

அன்று திரும்பி வரும்போது அபி எங்களோடு காரில் வந்தாள். பாலத்தில் நீண்ட வாகன நெரிசல். அவள் பின் ஆசனத்தில் இருந்து, கூழ் என்பதை எழுதும்போது எந்த ழ என்று தாயிடம் கேட்டாள். யாருக்கோ பிரெஞ்சில் செய்முறை எழுதிக்கொண்டிருந்தாள், தலைப்பு மட்டும் தமிழில். நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் பதில் சொன்னோம்.

7

நவம்பரில் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டம். வில்லரேயில் ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபம். வெளியே முதல் பனி விழுந்து, உருகி, சப்பாத்துகளோடு உள்ளே வந்துகொண்டிருந்தது.

எல்லா உறுப்பினருக்கும் அறிவித்தல் அனுப்ப வேண்டும் என்பது விதி. எல்லோருக்கும் அனுப்பினேன். அதனால் புரோசார்ட்டுக்கும் தமிழில் ஒரு அறிவித்தல் போயிருந்தது. மதாம் தெரேஸ் பூங்காவுக்குத் தொலைபேசி எடுத்து, அபியின் இலக்கத்தைத் தேடிப் பிடித்து, அது என்ன என்று கேட்டிருக்கிறார். கூட்டத்தன்று பஸ்ஸிலும் மெத்ரோவிலும் ஏறி, சீனியும் பாலாடையும் போட்டுச் சுட்ட ஒரு தட்டு இனிப்போடு வந்து முன்வரிசையில் இருந்தார். பக்கத்தில் அபி. சங்கக் கூட்டம் என்றால் பரீட்சை இருக்கிறது என்று சொல்லுகிறவள், மொழிபெயர்ப்பதற்காக வந்திருந்தாள்.

கணக்கறிக்கை, அனுதாபத் தீர்மானம், கோடை ஒன்றுகூடல் பற்றிய பாராட்டு எல்லாம் முடிந்தன. தலைவர் உரையாற்ற எழும்பினார். சமாதானம் வருகிறது, நாடுகள் எல்லாம் கவனித்துக்கொண்டிருக்கின்றன, எங்கள் பொறுமைக்குப் பலன் கிடைக்கப்போகிறது என்றார். கடைசியில் குரலை உயர்த்தினார்.

"அடுத்த வருச ஒன்றுகூடல் எங்கடை சொந்த மண்ணிலை!"

கைதட்டல். அந்த இடத்தில் எப்போதும் கைதட்டுவோம்.

அபி மதாம் தெரேஸின் காதுக்குள் அதைச் சொன்னாள். கைதட்டல் ஓய்ந்ததும் கிழவி கையை உயர்த்தினார். உறுப்பினர் கேள்வி கேட்கலாம். தலைவர் புன்னகையோடு தலையசைத்தார்.

கேள்வி சிறியது. அபி எழும்பி நின்று, தாயைப் பார்த்து, என்னைப் பார்த்து, பிறகு தமிழில் சொன்னாள்.

"மதாம் கேக்கிறா... அடுத்த வருசம் எண்டு உங்களுக்கு உண்மையாத் தெரியுமோ எண்டு."

பின்வரிசையில் குழந்தை ஒன்று ஏதோ கேட்க, தாய் அதன் வாயைப் பொத்தினாள். எங்களில் எவரும் தலைவரிடம் அதைக் கேட்டதில்லை. கேட்டால் அவர் பதில் சொல்லிவிடுவாரோ என்ற பயம்தான்.

நடராசா அண்ணை மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கோபப்படப் போகிறார் என்று நினைத்தேன். யாப்பில் எதையாவது தேடப் போகிறார் என்று நினைத்தேன்.

"தெரியாது, பிள்ளை," என்றார். "அவவுக்குச் சொல்லு. எனக்குத் தெரியாது."

அபி சொன்னாள். மதாம் தெரேஸ் தலையசைத்து, இரண்டு வசனம் பேசினார். அபி அதைச் சத்தமாக மொழிபெயர்க்கவில்லை. பின்பு காரில் வரும்போதுதான் எங்களுக்குச் சொன்னாள். "அவவின்ரை அப்பாவும் ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் அடுத்த வருசம் போவம் எண்டு சொல்லுறவராம். தாங்கள் ஒருக்காலும் கேக்கேல்லையாம்."

கூட்டம் முடிந்து ஆட்கள் இனிப்பை வெட்டிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தலைவர் என்னை மாடிப்படிக்குக் கீழே கூப்பிட்டார். குளிரங்கியைப் போட்டுக்கொண்டிருந்தார்.

"தம்பி, கூட்டக் குறிப்பு எழுதேக்கை அந்தக் கேள்வியைப் போடாதையும். வெளியாள் கேட்டது எண்டு நாளைக்குக் கதை வரும்."

"அவ மெம்பர், அண்ணை."

"தெரியும். எண்டாலும் போடாதையும்."

"சரி. அப்ப பதிலையும் விடட்டோ?"

அவர் கையுறையைப் போட்டார். கழற்றினார். மேலே கதவு திறந்து மூடுகிற சத்தம் கேட்டது.

"இல்லை," என்றார். "பதிலைப் போடும்."

அப்படியே எழுதினேன். கணக்கறிக்கைக்கும் நன்றியுரைக்கும் நடுவில், கேள்வி இல்லாமல், தனி வரியாக இருக்கிறது. 'தலைவர் தெரியாது என்று கூறினார்.' அடுத்த கூட்டத்தில் குறிப்பை வாசித்து, திருத்தம் ஏதும் உண்டா என்று கேட்டேன். ஒருவரும் கை உயர்த்தவில்லை.